கல்லின் மேல் உட்கார்ந்தவர்

சில்லுண்டி என்பது ஒரு காலத்தில் எங்கள் தெருவில் ஒரு வேலையின் பெயர். பத்திர அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்காக வரிசையில் இடம் பிடிப்பது, செருப்பைப் பார்த்துக்கொள்வது, உறைக்குப் பசை தடவுவது, தண்ணீர் வாங்கி வருவது, மழை பெய்தால் குடை பிடிப்பது. செய்தவர்கள் தெருப்பிள்ளைகள். இந்தப் பட்டியலை மாலை வகுப்புக்குக் கிளம்பும் முன் அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். ஏதாவது விட்டுப்போயிருக்கலாம்.

அம்மா ஆறு வயதிலிருந்து பதிமூன்று வயதுவரை சில்லுண்டி பார்த்தவள். இப்போது ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். முழங்கால் ஒத்துழைக்க மறுத்து ஒரு வருடமாகிறது. பத்திர அலுவலக வாசலில் வியாபாரிகள் சங்கம் ஒரு பெட்டிக்கடையை இலவசமாகத் தரப்போகிறது என்று தெரிந்ததும் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். நிபந்தனை ஒன்றுதான்: சிறு வயதில் அந்தத் தெருவில் சில்லுண்டி பார்த்தவராக இருக்க வேண்டும். அதற்குச் சங்கச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

செயலாளர் என் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்.

அம்மா மூன்று முறை அவர் வீட்டுக்குப் போனாள். மூன்று முறையும் ஒரே பதில்: "பார்க்கலாம்மா." எனக்குக் காரணம் தெரியும். மாமாவிடம் இருக்கும் ஒரே சொத்து, தான் சில்லுண்டி பார்த்து முன்னுக்கு வந்த கதை. திறப்பு விழா, இரங்கல் கூட்டம் என்று மைக் கிடைத்த இடமெல்லாம் அதைச் சொல்வார். தங்கைக்குக் கையெழுத்துப் போட்டால், வரிசையில் நின்றது யார் என்று ஊர் கேட்கும். இவரை நான் வெறுக்கிறேனா, இளக்காரமாகப் பார்க்கிறேனா என்று இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். இளக்காரம்தான்.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கூடத்தில் கடைக்கு ஆள் தேர்வு. முப்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். இரண்டு முறை எண்ணினேன். மாமா இஸ்திரி கலையாத சட்டையில் எழுந்து, ஏழு வயதில் கொளுத்தும் வெயிலில் கால் கொப்பளிக்க நின்றதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். குரல் சரியான இடங்களில் தழுதழுத்தது. நல்ல பயிற்சி.

முன்வரிசையில் பூட்டு ரிப்பேர்க்காரர் உட்கார்ந்திருந்தார். அவரும் பழைய சில்லுண்டி. "பேசினது போதும்ப்பா. எப்படி இடம் பிடிச்சன்னு செஞ்சு காட்டு. சின்னப் பசங்க தெரிஞ்சுக்கட்டும்" என்றார்.

யாரோ வெளியிலிருந்து ஒரு செங்கல் கொண்டுவந்தார்கள். மாமா அதைத் தரையில் வைத்தார். கைக்குட்டையால் தூசி தட்டினார். அதன் மேல் உட்கார்ந்தார்.

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

எனக்கு அப்போது புரியவில்லை. அம்மாதான் காதோரம் விளக்கினாள். வரிசையில் ஒவ்வொரு கல்லும் ஒரு ஆள். கதவு திறக்கும் முன் பியூன் வந்து எண்ணுவது கற்களைத்தான், பிள்ளைகளை அல்ல. மேலே உட்கார்ந்தால் கல் மறைந்துவிடும், மறைந்த கல் கணக்கில் வராது. ஒரு நாள் வேலை பார்த்த பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

"எழுந்திரு செயலாளரே, கல்லு போச்சு" என்றார் பூட்டுக்காரர். "பின்னாடி நிக்கிறவன் கல்லோட சேர்த்து உன்னையும் எத்தியிருப்பான்."

"கால் வலிச்சா உட்காருறதுதான்ணே."

"ஏழு வயசுலயா?"

சங்கத் தலைவர் அச்சகக்காரர். சிரிப்பை அடக்க மூக்கைத் துடைத்துக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டார். "நீ செய்ம்மா."

அம்மா நொண்டிக்கொண்டு முன்னால் போனாள். கல்லைத் தொடவில்லை. முதலில் தலைவரைப் பார்த்து, "யாருக்குண்ணே?" என்று கேட்டாள்.

"என்னது?"

"யாருக்கு இடம் பிடிக்கணும்?"

"எனக்குத்தான்னு வச்சுக்கயேன்."

அவருடைய கைக்குட்டையை வாங்கினாள். யாருடைய இடம் என்பதற்கு அடையாளமாக, நுனி மட்டும் வெளியே தெரியும்படி கல்லுக்கு அடியில் வைத்தாள். கல்லுக்கு இடதுபக்கம் நின்று, பாதத்தின் ஓரத்தால் அதை லேசாகத் தொட்டுக்கொண்டாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, பூட்டிய கதவைப் பார்ப்பது போல நேராகப் பார்த்தாள்.

"அவ்வளவுதான்யா," என்றார் பூட்டுக்காரர். "இவதான் நின்னா. இவன் ஒரு நாளும் நிக்கல."

"கடை இவளுக்குத்தான்" என்று தலைவர் விண்ணப்பத்தை மாமாவிடம் நீட்டினார். முப்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது "பார்க்கலாம்" என்று சொல்ல முடியாது. மாமா கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, குறிப்பு என்ற கட்டத்தில் ஏதோ எழுதினார். முத்திரையும் குத்தினார்.

வெளியே வந்து படித்தேன்: என் மேற்பார்வையில் பணிபுரிந்தவர்.

வாசலில் மாமாவின் குரல் கேட்டது. இரண்டு பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்: "கல்லு மேல உட்காரக் கூடாதுன்னு அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்."

திரும்பிப் போய் அந்த வரியை அடிக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான், கால் நகரவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காததில் நானும் மாமாவுக்கு மருமகள்தான்.

"என்னடி எழுதியிருக்கான்?" என்றாள் அம்மா.

படித்துக் காட்டினேன்.

"மேற்பார்வைன்னா?"

"கூட இருந்து கவனிச்சுக்கிறது."

"பொய்தான். முத்திரை நல்லா விழுந்திருக்கா பாரு."

நன்றாகவே விழுந்திருந்தது.

"அப்ப கசங்காம மடிச்சு வை. கடையை என்னைக்குத் திறக்கலாம்னு கேட்டுட்டு வரேன்."