கடைசிப் பகுதி ரொம்ப நல்லா இருந்துச்சு

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அதுவாக வீடு தேடி வந்தது. போன வாரம் ஒரு மாலையில் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் எங்கள் வாசிப்பு வட்டத்தைச் சேர்ந்த லிஃப்ட் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். சட்டையில் கிரீஸ் கறை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு நாவலின் பெயரைச் சொல்லி, அதில் கடைசியில் என்ன நடக்கிறது என்று கேட்டார்.

எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு வேண்டியது தூக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நிம்மதியாக எழுதலாம் என்று காத்திருந்தவன் நான். ஓய்வு வந்தது, முதுகுவலி வந்தது, எழுத்து மட்டும் வந்தபாடில்லை. இருந்தாலும் பழக்கதோஷம், உட்கார்ந்துவிட்டேன்.

தொடக்கம் ஒன்று: "வாசிப்பு என்பது தனிமையில் நிகழும் ஒரு" (நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கும் கட்டுரைகளை நிறைய எழுதியாகிவிட்டது. எழுதிய எனக்கே எதிலும் இரண்டாவது பத்தி நினைவில்லை.)

தொடக்கம் இரண்டு: "அவள் பெட்டியை மூடியபோது வெளியே மழை" (மழையெல்லாம் பெய்யவில்லை. ஒரே புழுக்கம்.)

இரண்டையும் என் மனைவி படித்துப் பார்த்தாள். "நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. அதுக்கே உங்களுக்கு மூச்சு வாங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சரி, அப்படியே ஆகட்டும்.

2

எங்கள் வட்டம் மாதம் ஒருமுறை ஒரு ட்யூஷன் சென்டரில் கூடும். பிள்ளைகள் வராத நாளில் அறையைச் சும்மா தருகிறார்கள். பெஞ்சுகள் எல்லாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் உயரத்துக்குச் செய்தவை. முழங்கால் தாடையில் இடிக்க, கரும்பலகையில் யாரோ பாதியில் விட்டுப்போன பின்னக் கணக்கைப் பார்த்தபடி இலக்கியம் பேசுவோம்.

எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பொத்தாம்பொதுவாக "எல்லோரும் இதைப் படியுங்கள்" என்று யாரும் சொல்லக்கூடாது. ஒரு புத்தகத்தை ஒரே ஒருவருக்குத்தான் பரிந்துரைக்க வேண்டும். எழுந்து போய் நம் சொந்தப் பிரதியை அவர் கையில் கொடுக்க வேண்டும். இது ஏன் எனக்கு என்று வாங்கியவர் கேட்கக்கூடாது. அடுத்த மாதம் அதைப் பற்றி அவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும். ஆனால் முடிவை மட்டும் சொல்லக்கூடாது. எங்களில் ஒரு பல் மருத்துவர் அந்த விதியை மீறி, ஒரு துப்பறியும் நாவலின் கொலைகாரனைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்துவிட்டார். ரொம்ப நாள் அவரோடு யாரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. (பல்வலி வந்தவர்கள்கூட வேறு டாக்டரைத் தேடிப் போனார்கள்.)

பிடித்த புத்தகத்தை இன்னொருவருக்குக் கொடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நாம் அழுத இடத்தில் அவர் கொட்டாவி விட்டால், நம் முகத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டதுபோலத்தான் இருக்கும். அதிலும் "ஏன்" என்று கேட்கக்கூடாது என்பதால், நேரில் சொல்லத் தயங்குவதையெல்லாம் புத்தகத்தில் வைத்துக் கொடுக்க எல்லோரும் பழகிவிட்டோம். நான் ஓய்வு பெற்ற கையோடு ஒருவர் பின் ஒருவராக எனக்குத் தோட்டக்கலைப் புத்தகங்களாகக் கொடுத்தார்கள். எழுதியது போதும், செடிக்குத் தண்ணீர் ஊற்று என்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

3

மெக்கானிக்கின் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவள். வட்டத்தில் அவளுக்குப் 'பவர் மேடம்' என்று பெயர். (என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். அந்த உரிமையில்தான் 'அவள்' என்று எழுதுகிறேன்.) வாசிப்பில் புலி. கையில் எடுத்ததைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள்.

மெக்கானிக் அவளை பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கீழே நிற்பார். வெயிலில் ஏன் நிற்க வேண்டும் என்று யாரோ மேலே கூப்பிட்டார்கள். அன்று முதல் ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்காருவார். மரியாதைக்கு அவருக்கும் புத்தகம் கொடுத்தோம். மறுமாதம் திருப்பிக் கொடுக்கும்போது சொல்வார்: "நல்லா இருந்துச்சு. கடைசிப் பகுதி ரொம்ப நல்லா இருந்துச்சு." எந்தப் புத்தகமாக இருந்தாலும் அதுதான். முடிவைப் பேசக்கூடாது என்ற விதி இருக்கும்போது யார் அவரை மேற்கொண்டு குடைய முடியும்? அவர் ஒரு பக்கம்கூடப் புரட்டுவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். நல்ல மனிதர், வேலை தலைக்கு மேல், போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

4

இங்கே ஒரு சிக்கல். கதையில் வரும் பவர் மேடத்தை எனக்கே நம்பக் கடினமாக இருக்கிறது. ஒரு பெண், தான் புருஷனை விட்டுப் போவதை ஒரு நாவலைக் கொடுத்தா சொல்வாள்? பத்திரிகைக்கு அனுப்பினால் ஆசிரியர் ஓரத்தில் கேள்விக்குறி போடுவார். என் மனைவியும் அதையே கேட்டாள். "வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

சொல்லியிருக்கிறாள். வருஷக்கணக்கில் சொல்லியிருக்கிறாள். இப்படி இருந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று ஒருநாள் என் மனைவியிடமே சொன்னாளாம். அவரிடம் சொன்னால் "ம்" என்பாராம். கோபமாக இல்லை, அலட்சியமாகவும் இல்லை. வெறும் "ம்". என் மனைவி இதைச் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை இந்தக் கதையில் வராது.

5

கணவன் மனைவிக்குள் புத்தகம் கொடுத்துக்கொள்வது எங்கள் வட்டத்தில் வழக்கமில்லை. அதனால் அவள் எழுந்து நேராக அவர் பெஞ்சுக்குப் போனபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவள் கொடுத்த நாவலை நாங்கள் எல்லோரும் படித்திருந்தோம். அதன் பெயரை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தக் கதையை விட்டுவிட்டு அதைத் தேடப் போய்விடுவீர்கள்.

அதில் வரும் கணவன் கெட்டவனில்லை. அடிப்பதில்லை, குடிப்பதில்லை. மனைவி சொல்வது எதுவும் அவனுக்குள் தங்குவதில்லை, அவ்வளவுதான். கடைசியில் (விதியை மீறுகிறேன், வேறு வழியில்லை) அவள் கிளம்பிப் போகிறாள். அவன் தடுக்கவில்லை. அவள் போவதுதான் நியாயம் என்று முதன்முதலாகப் புரிந்து, கதவைத் தானே திறந்துவிட்டு நிற்கிறான்.

மறுமாதம் மெக்கானிக் எழுந்தார். "நல்லா இருந்துச்சு" என்றார். மனைவி கொடுத்த புத்தகமாயிற்றே, வழக்கமான வசனம் போதாது என்று பட்டிருக்கிறது. அட்டையில் ஒரு பெண்ணின் படம் இருந்தது.

"கடைசில அந்தப் பொண்ணு செஞ்சது சரிதாங்க. வேற என்ன செய்வா?"

பவர் மேடம் தலையைக் குனிந்துகொண்டாள். இருவரும் மனம்விட்டுப் பேசித் தீர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது, எவ்வளவு நாகரிகமான ஜோடி என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். இத்தனை புத்தகம் படித்த கூட்டத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர் படித்திருக்கமாட்டார் என்று தெரிந்த நாங்களே, அன்றைக்கு மட்டும் படித்திருப்பார் என்று நம்பினோம்.

6

இப்போது வாசலுக்கு வருவோம்.

"அவ, அவங்க அக்கா ஊருக்குப் போறேன்னா சார். அங்கயே ஒரு கண்ணாடிக் கடைல வேலை பேசியிருக்காளாம். நாளைக்குக் காலைல பஸ். எப்ப வருவேன்னு கேட்டேன். 'அதான் நீங்களே சொல்லிட்டீங்களே'ன்னா. நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியல சார். யோசிச்சுப் பாத்தா, நான் கடைசியா வாயத் திறந்து சொன்னது அந்தப் புத்தகத்தப் பத்திதான்."

வட்டத்தில் அத்தனை பேர் எதிரில் அவர் அந்த வசனத்தைக் கூட்டிச் சொன்னதே அவளைச் சந்தோஷப்படுத்தத்தான். அவளுக்குப் பிடித்த புத்தகத்தில், அவளுக்குப் பிடித்திருக்கக்கூடிய பெண்ணின் பக்கம் நின்றிருக்கிறார். பாவி மனிதன்.

சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். முடிவைச் சொல்லிவிட்டால், ஓடிப்போய் அவளிடம் படித்துவிட்ட மாதிரி இன்னொரு வசனம் பேசுவார். அலமாரியிலிருந்து என் பிரதியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"உள்ள வந்து படிங்க தம்பி."

"முழுசுமா?"

"முழுசும்."

செருப்பைக் கழற்றினார்.

7

அவர் கூடத்தில் உட்கார்ந்து படித்தார். வரியின் அடியில் விரலை ஓட்டியபடி, உதடு அசைய, மெதுவாக. என் மனைவி வைத்த தேநீர் ஆறிப்போயிற்று. நான் உள் அறையில் உட்கார்ந்து முடிவுகளைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். கிடைத்தவை இவைதான்.

அ) முழுக்கப் படிக்கிறார், வீட்டுக்கு ஓடுகிறார், அவள் பெட்டியைப் பிரிக்கிறாள். (ஒரு நாவலைப் படித்து ஒரு ஆள் ஒரே மாலையில் திருந்துவதை நானே நம்பமாட்டேன். என் புத்தகங்களைப் படித்துத் திருந்தியவர் யாருமில்லை.)

ஆ) படிக்கவில்லை என்று அவளிடம் உண்மையைச் சொல்கிறார். அப்போதும் அவள் போவாள். தன் மனதையே கையில் எடுத்துக் கொடுத்ததை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றால், போவதற்கு வேறு காரணம் வேண்டுமா?

இ) ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுகிறார். அவர் சம்மதம் தந்ததாக நினைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறுகிறாள். இது

(இதை முடிக்கவில்லை. கூடத்திலிருந்து அவர் கூப்பிட்டார்.)

போய்ப் பார்த்தேன். பாதிக்கும் குறைவாகத்தான் தாண்டியிருந்தார். ஒரு வரியில் விரலை அழுத்திப் பிடித்திருந்தார். "நான் பேசுவது சுவரில் பட்டுத் திரும்பி எனக்கே கேட்கிறது" என்று நாவலில் வரும் மனைவி சொல்லும் வரி.

"சார், இத அவ எங்கிட்ட சொல்லியிருக்கா. இதே மாதிரிதான் சொன்னா. சமையக்கட்டுல நின்னுக்கிட்டு." வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை. "நான் அப்ப குழாய்க்கு வாஷர் மாத்திக்கிட்டிருந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார்.

8

என் கைபேசி அடித்தது அப்போதுதான். பவர் மேடம்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். வட்டத்துல அவர் பேசினாரே, அது படிச்சுட்டுப் பேசினதுதானா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பெட்டிய மூடிட்டேன். மூடினதுக்கப்புறம் மனசு உறுத்துது."

எதற்கு இப்போது என்று பூசி மெழுகப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"படிச்சிருந்தா நிம்மதியா பஸ் ஏறிடுவேன். அவருக்குப் புரிஞ்சிருக்கு, அது போதும் எனக்கு."

"படிக்கலைன்னா?"

"தெரியலண்ணா" என்றாள்.

எழுதுகிறவனாக யோசித்தால் என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. படித்தார் என்றால் அவளுக்கு நிம்மதி, ஆனால் பொய். படிக்கவில்லை என்றால் உண்மை, ஆனால் அந்த உண்மை அவளை நிறுத்துமா, இன்னும் வேகமாக அனுப்புமா என்று தெரியாது. படித்துக்கொண்டிருக்கிறார் என்றால் அதுவும் உண்மைதான், ஆனால் இத்தனை தாமதமாக வந்த உண்மையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? வேண்டாத நம்பிக்கையைக் கொடுத்து இன்னும் பத்து வருஷம் அந்தச் சமையற்கட்டில் நிற்கவைத்த பாவம் என்னைச் சேரும். கொடுக்காவிட்டால், விரலை ஓட்டிக்கொண்டிருக்கும் இந்த மனிதனின் பாவம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு சார்?"

அன்று நான் அவளுக்கு ஒரு பதில் சொன்னேன். அதை இங்கே எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதி மறுபடியும் அடித்தேன். அது களைத்துப்போன ஒருவனின் பதில். அதை முடிவு என்று வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. நீங்கள் என்னைவிடத் தெளிவான தலையோடு இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு பேரையும் உங்களுக்குத் தெரியும். ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், பாதிக்கு மேல் புத்தகம் பாக்கி. இன்னொருத்தி பேசவில்லை, ஆனால் அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை, மூச்சு கேட்கிறது.

இந்தாருங்கள், கைபேசியைப் பிடியுங்கள். நீங்களே சொல்லுங்கள்.