ராகு காலத்தில் நின்ற வரிசை

...நேற்று ஒன்றரைக்கு, முந்தாநாள் பன்னிரண்டுக்கு, இன்றைக்குப் பத்தரைக்கு, ஒரு கோளாறு தினம் ஒரு நேரத்துக்கு வந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் தானாகவே எழுந்து போகுமா என்ன... பீன்யாவில் வால்வு செய்யும் எங்கள் ஆலையில், எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரை ஏவுகிற ஷெட்யூலர் மறுபடி நின்றுவிட்டது, சலான் அச்சாகவில்லை, வாசலில் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். ஆபரேட்டர் சந்திரன்தான் எதையோ நோண்டுகிறான், இன்றைக்கும் நின்றால் கேட் பாஸை வாங்கி அனுப்பிவிடுங்கள் என்று காலை மீட்டிங்கில் மேனேஜர் சீனிவாசராகவன் சொன்னபோது, அவனுக்கு சூப்பர்வைசரான நான் என்ன செய்தேன்... பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன். "சத்தியமா நான் ஒண்ணும் தொடல மேடம், நீங்களே ஸ்வல்ப பாருங்க," என்கிறான் சந்திரன் கன்னடம் கலந்து, பார்க்கத்தானே செய்கிறேன்.

அட, இது யார், ஷெட்யூலரோடு ஓர் இணைப்பு திறந்திருக்கிறது, திறந்தவர் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை, ஷெட்யூலரோ அவர் வாய் திறக்கட்டும் என்று மற்ற எல்லா வேலையையும் நிறுத்தி வைத்திருக்கிறது... இவ்வளவு அப்பாவியா நீ? இணைப்பை அறுக்கிறேன், பிரிண்டர் கடகடவென்று ஓடுகிறது. சோதித்துப் பார்க்க என் மெஷினிலிருந்து நானே இணைத்துவிட்டு ஒன்றும் அடிக்காமல் இருக்கிறேன், நின்றுவிட்டது. உள்ளே ஒரே குறுகுறுப்பு, அப்படியானால் இந்த ஆலையில் யார் வேண்டுமானாலும் சும்மா இருந்தே எல்லாவற்றையும் நிறுத்தலாமா... முதல் இணைப்பு எங்கிருந்து? மேனேஜர் அறையிலிருந்து. அவர் ஏன்?

போன் அடிக்கிறது, அவரேதான். "பெர்னதெத், பையன்கிட்ட பாஸை இப்ப வாங்கிடாதீங்கோ, பன்னண்டு அடிக்கட்டும்." பன்னிரண்டு எதற்கு... சுவரில் சிவாஜிநகர் ஜவுளிக்கடை காலண்டர், இன்றைக்கு வெள்ளி, ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு, வியாழன் ஒன்றரை, புதன் பன்னிரண்டு, கர்த்தரே, ரிச்சர்ட்ஸ் டவுனில் கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவளுக்கு இது எங்கே தோன்றும்... ராகு காலம் பிறப்பதற்குள் வேலையைத் தொட்டு வைத்துவிடுவார், கழிந்த பிறகுதான் மேற்கொண்டு செய்வார், புது டெண்டரில்கூட முதல் வரியை மட்டும் எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தவர்தானே, இந்த இணைப்பையும் அப்படித்தான் திறந்து வைத்திருக்கிறார். திங்கட்கிழமை ஏன் நிற்பதில்லை என்பதும் புரிகிறது, அன்றைக்கு அவர் வருவதற்குள் அது கழிந்துவிடும். சிரிப்பு வருகிறது, சந்திரன் என் முகத்தையே பார்க்கிறான், சிரிப்பு போய்விடுகிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது, உங்களால்தான் சார் என்றா...

"என்னம்மா, லைன்ல இருக்கேளா?" என்கிறார். வாசலில் ஹாரன் விடவில்லை. பிரிண்டர் ஏன் இன்னும் ஓடவில்லை என்று திரும்பிப் பார்க்கிறேன், என்னுடைய இணைப்பை நான் இன்னும் மூடவில்லை, காலையிலிருந்தே சந்திரனுக்காக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.