பிரயோங் வீட்டின் உயரம்

“கீழ எறங்கி வந்து பேசுடி! ஆகாசத்துல நின்னுக்கிட்டு என்ன பேச்சு வேண்டிக்கெடக்கு?” என்று பஜ்ஜிக்காரி லம்துவன் கத்தியபோது பிரயோங்கின் வீடு தரையிலிருந்து அரைத் தென்னை உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. வீட்டுத் தூண்கள் நான்கும் கீழே எதையும் தொடாமல் தொங்கின. மேலே கொடியில் போட்ட ஈரத்துணி லம்துவனின் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. “எம்மவன் மனோப் சேத்து வச்சதையெல்லாம் கல்யாணத் தட்டுல வைக்கிறேங்கிறான். அதுக்கு மேல என்னத்த வைக்க? என்னையும் பஜ்ஜிச் சட்டியையும் சேத்து வைக்கட்டுமா?”

பிரயோங் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். “சட்டிய நீயே வச்சுக்கோம்மா, நாளைக்குப் பஸ் ஸ்டாண்டுல வேணும்ல? எம்பொண்ணு பேங்குல வேல பாக்குறா. அஞ்சு லட்சம்னேன். இப்ப நீ கத்துனதுக்குச் சேத்து அஞ்சர.” அவள் வாய் மூடுவதற்குள் வீடு இன்னொரு முழம் எழும்பியது. அவள் கணவர் தவீ ஏணியின் கீழ்முனையில் இன்னொரு மூங்கிலை வைத்துக் கட்ட இறங்கினார். அந்த ஏணியில் அது எத்தனையாவது ஒட்டு என்பதை அவரே மறந்திருந்தார்.

பெட்சபுரியில் கோயிலுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாக இருக்கும் எங்கள் சந்தில் எல்லா வீடுகளும் தூண் மேல்தான் நிற்கின்றன. அதனால் ஒரு வீடு எழும்பத் தொடங்கினால் முதலில் யாருக்கும் தெரியாது. பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்கும் பால்காசை வாய்விட்டுச் சொன்னால் வீடு எழும்பும். பாலூட்டி வளர்த்ததற்கான தொகை என்று அதற்குப் பெயர். ஊட்டிய பாலை யாரும் அளந்ததில்லை, அக்கம்பக்கத்தில் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பதைத்தான் அளப்போம். என் வீடே ஒரு காலத்தில் அடியில் மூன்று சக்கர வண்டி நுழைந்து போகும் உயரத்தில் நின்றது. மூத்த மகளுக்கு இருபத்தெட்டு ஆனதும் எனக்கு ஞானம் பிறந்து, சந்தைக்கு நடுவில் நின்று ஒரேயடியாகக் குறைத்துச் சொல்லிவிட்டேன். வீடு இறங்கிய வேகத்தில் சமையலறைச் சாமானில் பாதி உடைந்தது. ஞானத்துக்கு அந்த விலை அதிகமில்லை.

பிரயோங்குக்கு அந்த ஞானம் வரவில்லை. மகள் ஜிந்தனா பள்ளி முடித்தபோது ஒரு லட்சம் பாட் என்றாள். பாங்காக்கில் பட்டம் வாங்கியதும் இரண்டு, பேங்கில் நாற்காலி கிடைத்ததும் மூன்று. பெண்ணை எப்போதும் குடையோடு அனுப்பி வெயில் படாமல் காத்த நிறத்துக்காகக் கொஞ்சம் கூட்டினாள். தவீ மாவட்ட அலுவலகத்தில் கோப்பு தூக்கித்தான் ஓய்வு பெற்றார்; ஆனாலும் காக்கிச் சீருடையில் எடுத்த படம் கூடத்தில் மாட்டியிருந்ததால் அரசாங்கக் குடும்பம் என்று இன்னொரு பங்கு சேர்ந்தது. பள்ளி ஆசிரியர் ஒருவர் பெண் பார்க்க வந்து பாதி ஏணியில் தலைசுற்றி இறங்கிவிட்டார். ரைஸ் மில் முதலாளியின் மகன் ஏறத் தயாராக இருந்தான். அவன் அம்மா காரை விட்டு இறங்காமலேயே, ஒரு குமாஸ்தா வீட்டுக்காக இவ்வளவு தூரம் ஏறினால் ஊர் என்ன பேசும் என்று கேட்டு வண்டியைத் திருப்பச் சொன்னாள். மனோப் ஒருவன்தான் எல்லா உயரத்திலும் சளைக்காமல் ஏறி வந்தவன். படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். நகக்கண்ணில் எப்போதும் எண்ணெய்க் கறுப்பு இருக்கும். பிரயோங் அவனுக்குத் தண்ணீர் கொடுப்பாள், பாய் விரிக்க மாட்டாள்.

அந்த வருடம் அவனுக்கு ராயோங்கில் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்தது. பிக்குகளின் மழைக்காலத் தவம் தொடங்குவதற்குள் அவன் போய்ச் சேர வேண்டும். தவம் தொடங்கிவிட்டால் மூன்று மாதம் எங்கள் ஊரில் கல்யாணம் கிடையாது, அதற்குப் பிறகு அவன் எங்கே இருப்பானோ யாருக்குத் தெரியும். ஜிந்தனாவுக்கு முப்பத்து மூன்று முடிந்திருந்தது. சொல்லாமல் கிளம்பிவிடலாமா என்று அவன் கேட்டபோது, “அம்மாவ அந்தரத்துல விட்டுட்டு நான் எப்படி வர்றது?” என்றாள். அவள் சொன்னது நியாயம். வாய்க்கால் முனையில் ஒரு பெண் அப்படித்தான் பால்காசு தீராமல் ஓடிப்போனாள். கேட்ட விலை கேட்டபடியே நிற்க, கல்யாணம் கைநழுவினால் வீடு தானாகவே எழும்பும்; அந்த வீடு இறங்க வழியில்லாமல் கோயில் கோபுரத்துக்கும் மேலே போய்விட்டது. உள்ளே இருக்கும் தாய்தகப்பனுக்கு இன்றைக்கும் பட்டத்தில் கட்டித்தான் சோறு அனுப்புகிறார்கள். காற்று இல்லாத நாளில் பட்டினி.

மகள் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துபோவதைப் பார்த்துப் பார்த்து பிரயோங் இளகினாள். கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையில் வாயை வைத்து, ஒரு லட்சம் போதும் என்று முணுமுணுத்தாள். வீடு அசையவில்லை. நாலு பேர் காதில் விழாத விலையை எந்த வீடும் மதிப்பதில்லை. நாலு பேர் காதில் விழச் சொல்லவோ அவளுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அதனால் எங்கள் சந்தில் பாதிப் பேர் செய்து, ஒருவரும் செய்யவில்லை என்று சொல்லும் காரியத்தை அவளும் செய்தாள். சந்து முழுக்க டிவி சீரியலில் மூழ்கியிருந்த ஒரு மத்தியானம், ஒரு கூடை கயிற்றில் இறங்கியது. கீழே மனோப் நின்றான். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிய நோட்டுக் கட்டும், அவள் வீட்டிலிருந்த ஒரே தங்க ஒட்டியாணமும் கூடையில் இருந்தன. “உன்னோடதுன்னு சொல்லி நாலு பேரு முன்னால தட்டுல வையி தம்பி. உங்கம்மாகிட்டகூட மூச்சு விடாத. சத்தியம் பண்ணு.” அவன் சத்தியம் செய்தான். நானும் சீரியல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காது மட்டும் ஜன்னலில் இருந்தது.

கல்யாணத்தன்று மத்தளமும் ஆட்டமுமாக மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. முன்னால் வாழைக்கன்றும் கரும்பும், நடுவில் பட்டுத்துணி மூடிய பால்காசுத் தட்டு, பின்னால் எண்ணெய் வாசனையோடு லம்துவன். ஏணியடியில் பெண் வீட்டார் வழக்கப்படி வாசல் வாசலாக வழி மறித்தார்கள்; பணக் கவர் கொடுத்தால்தான் மாப்பிள்ளை மேலே ஏறலாம். முதலில் வெள்ளி வாசல்; அங்கே சித்தி மகள்கள் வெள்ளிச் சங்கிலியைக் குறுக்கே பிடித்து, மனோப்பிடம் கவர் வாங்கிக்கொண்டு வழி விட்டார்கள். அடுத்தது தங்க வாசல். அதற்குக் குறுக்கே பிடிக்கத் தங்கம் வேண்டுமே என்பது அந்த நிமிடம்வரை பிரயோங்குக்கு உறைக்கவில்லை. ஒட்டியாணம் எடுக்க மேலே ஓடிய அவள் தங்கை ஜன்னலில் தலையை நீட்டி அலறினாள்: “அக்கா! ஒட்டியாணத்தக் காணோம்! பீரோ காலி!”

மத்தளம் நின்றது. யாரைத் தேடுவது என்று தெரியாத கூட்டம் வழக்கம்போல ஏழைப் பக்கமாகத் திரும்பிப் பார்த்தது. “என்ன பாக்குறீங்க? நாங்க என்ன திருடவா வந்தோம்?” என்று லம்துவன் கொதித்தாள். “தொறந்து பாருங்கய்யா தட்ட!” என்று தன் கையாலேயே பட்டுத்துணியை இழுத்தாள். நோட்டுக் கட்டின் மேல் ஒட்டியாணம் மினுமினுத்தது. கொக்கி ஒடிந்து செம்புக் கம்பியால் கட்டிய அதே ஒட்டியாணம். பிரயோங் போட்டுக்கொண்டு வராத விசேஷமே கிடையாது என்பதால் சந்தில் குழந்தைக்குக்கூட அதைத் தெரியும்.

திருடன் என்றது ஒரு குரல். மனோப்பின் காது மடல் சிவந்தது. செய்த சத்தியத்தை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான். லம்துவன் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “சொல்லுடா! எங்கருந்துடா வந்துச்சு இது?” கல்யாணம் கைநழுவுவது தெரிந்ததுபோல வீடு மெல்ல எழும்பத் தொடங்கியது. ஏணியின் கடைசிப் படி முதலில் மனோப்பின் இடுப்புக்கும், பிறகு தலைக்கும் மேலே போனது. மேலே வாசற்படியில் பட்டு உடையில் நின்ற ஜிந்தனா கீழே நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

“விடு அவன!” என்றாள் பிரயோங். “நான்தான் குடுத்தேன். ஒட்டியாணம் என்னோடது. காசும் என்னோடது, அதுவும் கடன் வாங்குனது. கேட்டுச்சா எல்லாருக்கும்?” எல்லோருக்கும் கேட்டது, கேட்காதவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். வீடு பாதி வழி இறங்கி நின்றது. “அப்ப எவ்வளவுதான்டி வேணும் உனக்கு?” என்று லம்துவன் கேட்டாள், குரலில் காரம் குறைந்திருந்தது. பிரயோங் மூக்கை உறிஞ்சினாள். “அவன் என்ன சேத்து வச்சிருந்தானோ அது. ஒரு பாட் கொறஞ்சாலும் விட மாட்டேன்.” வீடு ஒரு பெருமூச்சுபோல மீதி தூரமும் இறங்கித் தன் பழைய குழிகளில் தூண்களை ஊன்றியது. அடியில் படுத்திருந்த வாத்துகள் தங்களுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டு வெளியேறின. நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்ததால் பிக்கு உடனே தொடங்கச் சொன்னார். தங்க வாசலில் நின்ற பெண்கள் வெறுங்கையையே குறுக்கே நீட்டினார்கள். மனோப் அதற்கும் கவர் கொடுத்தான்.

ஜிந்தனாவும் மனோப்பும் தவம் தொடங்குவதற்கு முன்பே ராயோங் போய்ச் சேர்ந்தார்கள். அவள் அங்குள்ள கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். பிரயோங் சங்கத்துப் பணத்தை மறுநாளே திருப்பிக் கட்டிவிட்டு, வட்டியைப் பற்றி மட்டும் ஒரு வருடம் புலம்பினாள். ரைஸ் மில் மகன் தன் அம்மா தேர்ந்தெடுத்த பெண்ணைக் கட்டி, அவள் வீட்டோடு பாங்காக்குக்கு மாறிப் போனான். என் இளைய மகளுக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது, தொகையைக் கேட்காதீர்கள். அடுத்த வருடம் ராயோங்கில் பேத்தி பிறந்ததும் லம்துவன் சட்டியை விற்றுவிட்டு அவர்களோடு இருக்கப் போனாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போன முதல் நாளே, “எம்பேத்திக்குப் பத்து லட்சத்துக்குக் கொறஞ்சு எவனும் இந்தப் பக்கம் வரக்கூடாது” என்று மீன்காரியிடம் சொன்னாளாம். திரும்பி வந்தபோது அவர்கள் குடியிருந்த கீழ்த்தள அறை கூரை உயரத்துக்குப் போயிருந்தது. வீட்டுக்காரர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, இனிமேல் மாடி வாடகை என்றார். மாதாமாதம் கொடுத்து வருகிறார்கள்.