ஒரு குடும்பத்துக்கு ஒரு மெயில்

கரீமா அக்காவுக்கும் அவள் கணவர் தௌபீக்குக்கும் சேர்த்து ஒரே மெயில்தான். குவைத்துக்குப் போவதற்கு முன்னால், மரக்காணம் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்கு வந்து அவர்தான் அதைத் திறந்தார். ஆளுக்கு ஒன்று திறந்துகொள்ளலாம் என்று முதலாளி சிவப்பிரகாசம் சொன்னபோது, "ஒரு குடும்பத்துக்கு ஒரு ரேஷன் கார்டுதானேண்ணே" என்றார். அதனால் அவர் அங்கிருந்து எழுதுவதும் அக்கா இங்கிருந்து எழுதுவதும் ஒரே பெட்டியிலிருந்து கிளம்பி அதே பெட்டிக்கு வந்து சேரும்.

நான் அங்கே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா சொல்லச் சொல்ல, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் டைப் செய்து கொடுப்பதும் நான்தான்.

அக்கா வீட்டில் போன் இருந்தது. அது கூடத்தில், மாமியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் கூப்பிடுவார். மாமியார் பேசி முடித்து ரிசீவரைக் கொடுத்தால் அக்கா, "நல்லா இருக்கேன்" என்பாள். அவர், "நானும்" என்பார். மாமியார் ரிசீவரைத் திரும்ப வாங்கிக்கொள்வார். புருஷனும் பெண்டாட்டியும் பேச வேண்டிய மற்றதெல்லாம் மெயிலில்தான்.

2005 ஜூன் மாதம் லீவில் வருவதாக இருந்தவர் வரவில்லை. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அது அக்காவுக்கு மாமியார் சொல்லித்தான் தெரிந்தது. மறுநாள் காலையிலேயே வந்து உட்கார்ந்தாள்.

"டைப் பண்ணு கிருபா. ஒரு வார்த்த மாத்தக் கூடாது."

மாற்றவில்லை. கடைசி வரி, 'இனிமே நீங்க வரவே வேணாம்.'

அனுப்பியதும் அது பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில் வந்து நின்றது. படிக்காத கடிதம் அப்படித்தான் நிற்கும். திறந்தால் மெலிந்துவிடும்.

"இத நாம தொடவே கூடாது. நாம தொட்டு மெலிஞ்சிடுச்சின்னா, அவரு படிச்சாரா இல்லியான்னு எப்டித் தெரியும்?" என்றாள் அக்கா.

மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தாள். தடித்தே இருந்தது. அவளிடமிருந்து வேறு கடிதம் போகாது என்று எனக்குத் தெரிந்தது. அவரிடமிருந்தும் எதுவும் வந்திருக்கவில்லை. சிவப்பிரகாசம் தன் நாற்காலியிலிருந்தே சொன்னார்: "ஒரு மாசம் யாரும் உள்ள போவலன்னா கம்பெனிக்காரன் மொத்தத்தயும் அழிச்சிடுவாம்மா."

"பழசயுமா?"

"பழசு, புதுசு, எல்லாந்தான்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். போன புதிதில் அந்த ஊர் குப்பூஸ் ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை என்று அவர் எழுதியது அதில் இருந்தது. மகள் சனோபர் பிறந்த சேதி கேட்டு, லீவு கேட்டுக் கிடைக்காமல், பாத்ரூமில் போய் அழுதேன் என்று எழுதியதும் அதில்தான் இருந்தது. அது போய்விட்டால் மிச்சம் கூடத்துப் போன்தான்.

அதன் பிறகு மாதா மாதம் வந்தாள். அவர்கள் வீட்டில் ரேஷன் அரிசி சாப்பிடுவதில்லை. ஆனாலும் எதுவும் வாங்காமல் விட்டால் கார்டை வெட்டிவிடுவார்கள் என்று சர்க்கரை மட்டும் வாங்குவார்கள். சர்க்கரைப் பையோடு நேராக சென்டருக்கு வருவாள்.

"உள்ள போ. எதயும் தொடாத. வெளிய வா."

உள்ளே போவேன். தடித்த வரியைப் பார்ப்போம். வெளியே வருவேன்.

"ரெண்டு கார்டும் உசுரோட இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் உப்பளமும் ரோடும் ஒன்றாகிவிட்டன. டெலிபோன் கேபிள் தண்ணீரில் மூழ்கியது. சென்டர் ஒரு மாதத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. பாண்டிச்சேரிக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால், மாமியாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது? சர்க்கரை மரக்காணத்திலேயே கிடைத்தது.

லைன் வந்த அன்றைக்கு முதல் ஆளாக அக்கா வந்தாள். உட்காரவில்லை.

"போயிருக்கும்ல?"

"பாப்போங்கா."

பாஸ்வேர்டைப் போட்டேன். திறந்தது. குப்பூஸ், சனோபர், எல்லாம் அப்படியே இருந்தன. மேலே அந்தக் கடிதம், தடித்த எழுத்தில்.

சிவப்பிரகாசம் எழுந்து வந்து பார்த்தார். "யாரோ நடுவுல உள்ள போயிருக்கணும். பாஸ்வேர்டு வேற யார்கிட்ட இருக்குது?"

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அவருகிட்ட" என்றாள்.

"அப்ப சரி."

"என்னா சரி? வந்திருக்காரு. பாத்திருக்காரு. தொடாமப் போயிருக்காரு. திமிரப் பாத்தியா?"

"நீயும் அதத்தானம்மா பண்ண?"

"நான் எழுதுனவண்ணே. நான் எதுக்குப் படிக்கணும்?"

சிவப்பிரகாசம் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அக்காவும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிருபா, அவருக்கும் இது அழியக் கூடாதுன்னுதானே வந்திருக்காரு?"

"ஆமாக்கா."

"எத்தினி வாட்டி வந்திருப்பாரு?"

"அது தெரியாதுக்கா."

"இந்த லெட்டர எடுத்துட முடியுமா? அங்கயும் இல்லாமப் போயிடணும்."

"இங்க எடுத்தா அங்கயும் இருக்காதுக்கா. ஒரே பெட்டிதானே."

மவுஸை என் கையிலிருந்து வாங்கி அவளே அழுத்தினாள். கடிதம் போய்விட்டது.

"குப்பைக்குத்தான் போயிருக்கும். ரெண்டு மூணு நாள்ல அதுவே காலியாயிடும்" என்றார் சிவப்பிரகாசம்.

"ஆவட்டும்."

மறுநாளே சனோபரின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தேன். அதைக் கவனிக்காமல், "தொறயேன்" என்றாள்.

கடிதம் பெட்டிக்குத் திரும்பி வந்திருந்தது. தடிப்பு இல்லை. அதற்கு மேலே அவருடைய கடிதம், தடித்த எழுத்தில்.

"தொடட்டுமாக்கா?"

"தொடு."

அவளுக்கு மட்டும் கேட்கும்படி படித்தேன்.

'குப்பைல கெடந்துச்சு, எடுத்துப் படிச்சிட்டேன். இத்தன நாளா படிக்கவே பயமா இருந்துச்சு. நேத்து காணம்னதும் அதவிட பயமாயிடுச்சு. கையெழுத்துப் போடறதுக்கு முன்ன உன்கிட்ட கேக்காதது தப்புதான். நீ எழுதுனதுல பாதி சரி.'

அக்கா இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பாதியா? எந்தப் பாதியாம்?"

"அது போடலக்கா."

நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டைப் பண்ணு."