கேண்டீனுக்குப் போன நேரம்

எட்வினை ஆபரேஷன் தியேட்டருக்கு எப்போது கொண்டுபோவார்கள் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. முதலில் பத்து மணி என்றார்கள். பிறகு, உள்ளே இருப்பவருக்கு ஆபரேஷன் முடிய வேண்டும் என்றார்கள். இருதயத்தில் அடைப்பு, பைபாஸ். அவருடைய மனைவி பியூலாவுக்கு அந்த மூன்றாம் மாடிக் கூடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல் வழியே வைகைப் பாலத்தின் நெரிசலைப் பார்த்தாள், மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

கீழே கேண்டீனிலிருந்து பஜ்ஜி வாசனை படியேறி வந்தது.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கியபோது, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே எதையும் தொடுவதில்லை என்று பியூலா கர்த்தரிடம் பொருத்தனை பண்ணியிருந்தாள். சர்க்கரை ஏறியிருந்தது உண்மைதான். ஆனால் அவளை உறுத்தியது வேறு. மகள் பரீட்சைக்குப் போனாலும், எட்வின் வரத் தாமதமானாலும் அவள் கை தானாக அலமாரியைத் திறந்துவிடும். மனம் கலங்கினால் ஜெபத்துக்கு முன்னால் மிக்சர் டப்பாவைத் தேடுகிறவளாகிவிட்டோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. இத்தனைக்கும் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு இச்சையடக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பவள் அவள்.

'ஒரு டீ மட்டும்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இறங்கினாள். டீயோடு ஒரு வடை. பிறகு பஜ்ஜி. அது தீரும் முன்னே இன்னொரு தட்டு. ருசி எதுவும் தெரியவில்லை. மெல்லுகிற வரைக்கும் பயம் கொஞ்சம் தள்ளி நின்றது, அவ்வளவுதான்.

மேலே வந்தபோது எட்வினின் அறைக் கட்டில் காலியாக இருந்தது.

கூடத்தில் சுந்தரம்மாள் இவளைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். கீழக்குயில்குடிக்காரி. லாரி மோதிக் கால் உடைந்த மகனுக்காகக் காத்திருப்பவள். இரண்டு நாள் பழக்கம்.

"எங்கத்தா போன? திடீர்னு வந்து ஒன் வீட்டுக்காரரைத் தள்ளிட்டுப் போய்ட்டாக. பியூலா எங்க, பியூலா எங்கன்னு சுத்திச் சுத்திப் பாத்தாரு. மருந்து வாங்கப் போயிருக்குன்னு சொல்லி வச்சேன்."

பியூலாவின் உதட்டு ஓரத்தில் சட்னி ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். ஓடிப்போய்த் தியேட்டர் கதவைத் தட்டினாள். எட்டிப்பார்த்த நர்ஸ், "மயக்க மருந்து கொடுத்தாச்சும்மா, இனிமே பாக்க முடியாது" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

ஜெபம் பண்ணி, நெற்றியில் கை வைத்து அனுப்ப வேண்டும் என்று நினைத்திருந்தாள். அந்த நேரத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்திருக்கிறாள். அழுகை வரவில்லை. வந்தது மறுபடியும் அதே தவிப்பு, முன்னைவிட மூர்க்கமாக. கால்கள் படிக்கட்டு வரை போய்விட்டன. கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

'ஆண்டவரே, இனிமேல் சாப்பிட மாட்டேன்னு சத்தியம் பண்ண எனக்கு வாயில்ல. இந்தப் படியில மட்டும் நான் இறங்காம பாத்துக்கங்க.'

திரும்பி வந்தவளிடம் சுந்தரம்மாள் பைக்குள்ளிருந்து ஓர் அதிரசத்தை எடுத்து நீட்டினாள். "தின்னுத்தா. மொகமெல்லாம் வாடிக் கெடக்கு."

பியூலாவின் கை பாதி தூரம் நீண்டது. பிறகு மடியில் விழுந்தது.

"வேணாங்க்கா. எனக்குப் பசியில்ல. பயமா இருக்கு. அம்புட்டுத்தான்."

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. சுந்தரம்மாள் அதிரசத்தைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டு, "எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்று நெருங்கி உட்கார்ந்தாள்.

அந்தப் பகல் நகரவே இல்லை. லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் பியூலாவுக்குக் கீழே போய்விடத் தோன்றியது. ஒவ்வொரு முறையும் நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் எட்வினின் பெயரையே கர்த்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு வார்த்தை வரவில்லை. வெயில் சாயும் வேளையில் டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சது" என்றார்.

அதன் பிறகுதான் உண்மையான பசி எடுத்தது. இருவரும் கீழே போனார்கள். பியூலா கண்ணை மூடி நன்றி சொல்லிவிட்டு, தயிர்சாதத்தைப் பிசைந்து மெதுவாகச் சாப்பிட்டாள். பரிமாறுகிறவன் கரண்டியோடு மறுபடி வந்து நின்றான். வேண்டும் போலத்தான் இருந்தது.

"போதும்ண்ணே" என்று கையால் தட்டை மறைத்தாள்.

மறுநாள் காலை எட்வின் கண் திறந்ததும், தான் எங்கே போயிருந்தோம் என்பதை அவரிடம் மறைக்காமல் சொன்னாள். குழாய்கள் சொருகிய கையால் அவள் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் சூடு இருந்தது. கீழே மறுபடியும் எண்ணெய் காய்ந்த வாசனை. பியூலா எழவில்லை. அவர் நெற்றியில் மற்றக் கையை வைத்து ஜெபிக்கத் தொடங்கினாள்.