நாலாம் வருடத்துப் பாடம்

1

என் வீட்டு ஃபிரிட்ஜ் கெட்டுப்போனதால் பிறந்த கதை இது. மெக்கானிக்கைத் தேடி அவர் வீட்டுக்கே போனேன். கூடத்துச் சுவரில் ஓர் அட்டவணை: ‘மார்க்கக் கல்வி, ஏழாண்டுத் திட்டம்’. முதலாண்டு ஈமான் என்னும் நம்பிக்கைப் பாடம், இரண்டாமாண்டு நபி வரலாறு, மூன்றாமாண்டு அரபி இலக்கணம், நான்காமாண்டு தொழுகைச் சட்டம்... எல்லாம் நான்கு நிறத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு. பார்த்ததும் சொக்கிப்போனேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

‘அறிவுத் தாகம் கொண்ட மெக்கானிக் ஒருவர்...’

(அடித்துவிட்டேன். தாகம் எடுத்தவன் தண்ணீர் குடிப்பான். இவர் மூன்று வருடமாக டம்ளர் அடுக்கிக்கொண்டிருக்கிறார்.)

உண்மையில் அவருக்கு இருந்தது பயம். வீட்டில் மனைவியும் மகளும் பின்னால் நிற்க, முன்னால் நின்று தொழவைப்பவர் அவர்தான். தன் அரைகுறை அறிவால் அவர்கள் தொழுகையும் வீணாகிவிடுமோ என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். அதற்காகத்தான் திட்டம். புதிதாக ஒரு நூலின் பெயர் காதில் விழும்போதெல்லாம் பழையதைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து போடுவார். இதுவரை போட்டது பதினொன்று. படித்தது ஒரு முன்னுரை.

3

அன்று வேலை முடிந்து வந்து, கடைசி நேரத்தில் அஸர் என்னும் மாலைத் தொழுகை. இரண்டாம் ரக்அத் என்ற சுற்று முடிந்து உட்கார வேண்டியவர், நேரே எழுந்துவிட்டார். பின்னாலிருந்து மனைவி கைதட்டினாள். அவர் பாட்டுக்குத் தொழுது முடித்தார்.

“கை தட்டினேனே, காதுல விழலையா?”

“நீ கொசு அடிக்கிறேன்னு நெனச்சேன்.”

(நம்பமாட்டீர்கள் என்று இந்த வரியை இரண்டு முறை நீக்கினேன்.)

“தொழவைக்கிறவர் தப்பு பண்ணினா, பின்னாடி நிக்கிற பொம்பள கைதட்டித்தாங்க சொல்லணும். நடு இருப்பை விட்டுட்டீங்க. மறதிக்கு ரெண்டு சஜ்தா பண்ணுங்க மொதல்ல.”

மூவரும் நெற்றியைத் தரையில் வைத்து இருமுறை பணிந்தார்கள்.

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

“படிச்சேன். குக்கர் விசில் வர்ற வரைக்கும் சும்மாதானே நிக்கிறேன்.”

“அது நாலாம் வருஷப் பாடமாச்சே!”

“ஃபிரிட்ஜ் வேலைய மட்டும் திட்டம் போட்டா கத்துக்கிட்டீங்க?”

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

4

இங்கே அவருக்குக் கோபம் வருவதாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. வெட்கம்தான் வந்தது. அதைவிட, இத்தனை நாள் எத்தனை தொழுகையில் இவள் கைதட்டியிருப்பாள் என்ற நினைப்புதான் அதிகம் உறுத்தியது.

மனைவி ஒரு மெல்லிய புத்தகத்தை அவர் மடியில் வைத்தாள். “மூணு பக்கந்தான். மஃரிபுக்கும் நீங்கதான் முன்னாடி நிக்கணும்.”

சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு ஒலிக்க அரைமணி நேரம் இருந்தது. தொழுகைச் சட்டத்தை முதலாண்டுக்கு நகர்த்திப் பன்னிரண்டாவது திட்டம் போடவும் அந்த அரைமணி போதும்.

முடிவு ஒன்று: பக்கத்தைப் புரட்டினார். (ரொம்ப நல்லவராகிவிட்டார்.)

முடிவு இரண்டு: ஸ்கேலைத் தேடி...

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு எழுதத் தெரியாமல் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் எதை எடுத்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.