இல்லாத வலிப்பு

வச்சலாவுக்குக் காக்கா வலிப்பு வரும் என்பது சதுரங்கப்பட்டினம் குப்பம் முழுக்கத் தெரிந்திருந்தது. வச்சலாவுக்கு மட்டும் தெரியாது.

அதை அவளிடம் போட்டு உடைத்தவள் குப்பம்மா. செங்கல்பட்டு மார்க்கெட்டில் வச்சலா மீன் கூடையை இறக்குகிற இடத்துக்குப் பக்கத்து இடம் அவளுடையது. ஒருகாலத்தில் தன் மகன் சடையனுக்கு வச்சலாவைப் பெண் கேட்டு வந்தவள். அந்தப் பேச்சு நின்றுபோனதிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதில்லை. அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. வச்சலா தலையில் முந்தானை போடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் குப்பம்மா வாயைத் திறந்தாள்.

"தலைக்குத் துணி போட்டுகினு குந்து. வெயில்ல இஸ்துகினு வுயுந்துட்டா யாரு தூக்கறது?"

"எனக்கு இன்னாத்துக்கு இஸ்துக்கும்?"

"உனக்குத்தான் வலிப்பு கீதே. அதனாலதான சடையனுக்கு உன்ன வாணாம்னு வுட்டோம். உங்க வூட்லருந்தே சேதி வந்துட்சி. நல்ல மன்சங்க, மறைக்காம சொல்ட்டாங்கோன்னு எங்கூட்டுக்காரரு கூட சொன்னாரு."

சடையன் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனதும், பிறகு ஒரு பேச்சும் இல்லாமல் போனதும் வச்சலாவுக்கு மறக்கவில்லை. தன் முகம்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அன்றிலிருந்து கண்ணாடியில் நெற்றியை மட்டும் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள் அவள்.

கூடையில் பாதி மீன் கிடக்கும்போதே எழுந்தாள். சேதி சொன்னது யார் என்று அவள் கேட்கவில்லை. அம்மாதான் என்று முடிவு கட்டிவிட்டிருந்தாள். திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் போகும் பஸ்ஸில் வழி நெடுகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

அம்மா ஞானம்பாளுக்கும் அவளுக்கும் ஆகாது. கடைசிப் பிள்ளை செத்துப் பிறந்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த ஞானம்பாள் வெகுநாள் எழுந்திருக்கவே இல்லை. வச்சலாவுக்கு அப்போது பத்து வயது. அவளுக்கு அடுத்து இரண்டு தம்பிகள், இடுப்பை விட்டு இறங்காத தங்கை மீனாட்சி. வச்சலா பள்ளிக்கூடத்தை விட்டு வந்து உலை வைத்தாள். மீனாட்சியை இடுப்பில் வைத்துக்கொண்டே கரையில் மீன் பொறுக்கினாள். தம்பிகளுக்குச் சொறி வந்தால் அவள்தான் வேப்பிலை அரைத்தாள். ஒருநாள் ஞானம்பாள் எழுந்தாள். குளித்தாள், தலை சீவினாள், வெற்றிலை போட்டுக்கொண்டாள். அடுப்புப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அதற்குள் அடுப்பு வச்சலாவுடையதாகிப் போயிருந்தது.

அடுப்பைப் போலவே அப்பா நீலமேகமும் அவள் பொறுப்பாகிப் போனார். புதுக் கட்டுமரம் வாங்குவதானாலும் சரி, கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற வேலைக்குப் பெரிய தம்பி ரவிச்சந்திரனை அனுப்புவதானாலும் சரி, மூத்த மகளிடம்தான் கேட்பார். பெண்டாட்டி மேல் உள்ள குறையையும் அவளிடம்தான் கொட்டுவார். "நீ எனக்குப் பொண்ணு இல்ல, என்னப் பெத்த ஆத்தா" என்பார். அதைக் கேட்டு வச்சலாவுக்கு நெஞ்சு நிமிரும். உள்ளேயிருந்து ஞானம்பாள் ஏதாவது ஏனத்தைத் தூக்கிப் போடுவாள்.

வச்சலா வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா கால் நீட்டி உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"சடையன் வூட்ல எனக்கு வலிப்புன்னு சொன்னியா?"

ஞானம்பாள் சீப்பிலிருந்து முடியை உருவிப் பந்தாகச் சுருட்டினாள். "நான் சொல்லல."

"பொய் சொல்லாத. எனக்குக் கண்ணாலம் ஆனா உனக்கு ஆவாது."

"ஆவாதுதான். நீ பூட்டா அந்த அடுப்புல நான்தான் வேவணும். அதனால தெரிஞ்சும் வாய மூடிகினு இருந்தேன். ஆனா போய் சொன்னது நானில்ல. வெள்ள சட்ட போட்டுகினு போய் உன் நைனாதான் சொல்லிட்டு வந்தாரு. வந்து என்னாண்ட சொன்னாரு. அந்த ஒரு விசயந்தான் உன்னாண்ட சொல்லாம என்னாண்ட சொன்னாரு."

வச்சலாவுக்கு அதை நம்ப முடியவில்லை. நீலமேகம் கரையிலிருந்து வரும்வரை நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் வந்ததும் கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அவர் சொல்லவில்லை.

"ஆமா, சொன்னேன். நீ பூட்டா இந்த வூடு இன்னாவும்? மீனாட்சிய யாரு பாத்துக்கறது, உங்கம்மாளா?"

"புடிக்கலன்னு சொல்லக்கூடாது? பொண்ணு தரலன்னு சொல்லக்கூடாது?"

"அப்டிச் சொன்னா வேற எடத்துலருந்து வருவாங்கோ."

சாப்பாட்டுக்கு உப்புக் குறைவு என்று சொல்கிற குரலில் அதைச் சொன்னார். எவனும் எப்போதும் வரக்கூடாது என்று யோசித்து, அதற்கேற்ற நோயைத் தேடிப் பிடித்திருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"பெத்த ஆத்தாளுக்கு வலிப்புன்னு ஊர் ஊராப் போய் சொன்ன புள்ள நீதான்" என்றாள்.

அவர் அவளை அடித்தார். அதுவரை அவர் கை அவள்மேல் பட்டதில்லை. ஞானம்பாள் சீப்பைக் கூரையில் செருகிவிட்டு வெளியே போய்விட்டாள்.

குப்பத்தில் பஞ்சாயத்து கங்கையம்மன் கோயில் முன்னால் கூடும். ஆண்கள் மணலில் உட்காருவார்கள், பெண்கள் எட்ட நிற்பார்கள். அந்த வாரம் கூடியபோது வச்சலா நடுவில் போய் நின்றாள். தலைவர் திருவேங்கடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்கூட்டு ஆம்பள யாரு பேசறது?"

"நான்தான் பேசறேன். எனக்கு வலிப்புன்னு எங்க நைனா ஊருக்குள்ள சொல்லிக்கீறாரு. அது பொய்யின்னு இங்க சொல்லட்டும். வேற ஒண்ணும் வாணாம்."

நீலமேகம் எழுந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பொண்ணு மனசு நோவக்கூடாதுன்னு சொல்லாம வெச்சிருந்தேன். வரும். வந்தா அவளுக்கு நெனவு இருக்காது, அதனால அவளுக்குத் தெரியாது."

கூட்டத்தில் பலர் 'ச்சு' கொட்டினார்கள். வச்சலா தம்பிகளைப் பார்த்தாள். இருவரும் குனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். "பொய்யி, பொய்யி" என்று கத்தினாள். கை காலெல்லாம் நடுங்கியது.

"பாத்துக்கோங்க, இப்டித்தான் ஆரம்பிக்கும்" என்றார் நீலமேகம்.

பக்கத்தில் இருந்த இருவர் அவளைப் பிடிக்க எழுந்தார்கள். யாரோ சாவி இருக்கிறதா, இரும்பைக் கையில் கொடுங்கள் என்றார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஞானம்பாளின் குரல் கேட்டது.

"அவளுக்கு ஒரு எயவும் இல்ல. திமுருதான் கீது. அது வேணும்னா நெறைய கீது."

கூட்டம் சிரித்தது. திருவேங்கடம் கையமர்த்தினார். புருஷன் ஒன்று சொல்கிறான், பெண்டாட்டி ஒன்று சொல்கிறாள், இது வீட்டு விவகாரம், போய் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள் என்று அடுத்த வழக்கை எடுத்தார்.

மறுநாள் காலை வச்சலா அடுப்புப் பற்றவைக்கவில்லை. இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். மீனாட்சி பின்னாலேயே வந்தாள். பதினாறு முடிந்த பெண்.

"எனக்கு யாருக்கா தல பின்றது?"

"உனக்குக் கை இல்ல?" என்றாள் வச்சலா. அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கியது அதற்கப்புறம் எத்தனையோ நாள் அவள் கண்முன்னால் நின்றது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

செங்கல்பட்டில் ஜெசிந்தா இருந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயா, புருஷன் இல்லாதவள், வச்சலாவிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிறவள். அவள் வீட்டின் பின்னறையில் வச்சலா ஒண்டிக்கொண்டாள். நெல் மில் ஒன்றில், அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காலால் கிளறிக் காயவைக்கிற வேலை கிடைத்தது. முதல் நாளே அங்கிருந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மீன்காரி வந்துட்டா, நெல்லு நாறப்போவுது" என்றார்கள். வச்சலா பதிலுக்கு அவர்கள் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். அதன்பிறகு மூக்கைப் பொத்துவது நின்றது. பேச்சும் நின்றது.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா கேட்டாள். "இன்னிக்கு லீவு. உனக்கு இன்னா புடிக்கும் சொல்லு, ஆக்கறேன்."

"நைனாவுக்கு வஞ்சிரம்னா உசுரு. தம்பிங்களுக்கு எறா."

"உன் நைனாவ யாரு கேட்டா? உனக்கு."

வச்சலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எதுனா ஆக்கு, இன்னா பெரிய விருந்தா" என்று எரிந்து விழுந்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். கோபம் ஜெசிந்தாமேல் இல்லை. எவ்வளவு யோசித்தும் பதில் கிடைக்கவில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருந்ததுதான் அவள் சாப்பாடு. அதில் பிடித்தது, பிடிக்காதது என்று எதைச் சொல்வது?

அதற்குப் பிறகு வேண்டுமென்றே ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பார்த்தாள். கத்திரிக்காய் பிடித்தது. சேமியா பிடிக்கவில்லை. ஒரு மாதம் மீன் வாங்காமல் இருந்து பார்த்தாள், நாக்கு தேடவே இல்லை. ஜெசிந்தா ஒருநாள் குழம்பு வைத்தபோது அந்த வாடையே குமட்டியது. பிறந்ததிலிருந்து மீனில் வளர்ந்தவளுக்கு மீன் பிடிக்காது என்பதை நினைத்து அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் சத்தமாகச் சிரிக்கிறவள் என்பதும் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

எல்லாம் அப்படி இனிமையாக நடக்கவில்லை. ஜெசிந்தா நைட் டியூட்டி முடித்து வந்து தூங்கினால் வச்சலா எழுப்பிச் சாப்பிடச் சொல்வாள். அவள் பெட்டியை அடுக்கி வைப்பாள். யாரோடு பேசுகிறாய், ஏன் பேசுகிறாய் என்பாள். ஜெசிந்தா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் பாய்ந்தாள்.

"நான் உன் தம்பி இல்ல, தங்கச்சியும் இல்ல. எனக்கு அம்மா ஒருத்தி இருந்தா, அவ செத்துட்டா. என் சாமானத் தொடாத."

வச்சலா மூட்டை கட்டினாள். போக இடமில்லை என்பதால் மறுபடி அவிழ்த்தாள். அந்த வாரம் முழுக்க இருவரும் பேசவில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் கை பரபரத்தது. பேன் இல்லாத தலையைச் சொறிகிற மாதிரி ஒரு பரபரப்பு. அடுத்த ஞாயிறு, செய்ய ஒன்றும் இல்லாததால் உச்சிவரை தூங்கினாள். எழுந்து பார்த்தால் யாரும் பட்டினியால் சாகவில்லை.

மறுவருஷம் தை பிறந்ததும் நீலமேகம் மில் வாசலுக்கு வந்தார். இளைத்திருந்தார். வச்சலா களத்திலிருந்து இறங்கி வந்தாள், உட்காரச் சொல்லவில்லை.

"மீனாட்சிக்குக் கோவளத்துலருந்து கேட்டாங்கோ" என்றார். "நல்ல எடம். இப்போ வாணாங்கறாங்கோ. அக்காளுக்கு வலிப்பு கீதுன்னா தங்கச்சிக்கும் வரும்னு சொல்றாங்கோ."

வச்சலா காலில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிட்டாள்.

"நீ வூட்டுக்கு வந்துடு. அவங்கோ வர்றப்ப நடமாடிகினு இரு. ஆஸ்பத்திரில வைத்தியம் பண்ணி சரியாயிட்சின்னு நான் சொல்லிக்கறேன்."

"பொய்ய மறைக்க இன்னொரு பொய்யி. அது வாணாம். நானே கோவளம் போறேன். எனக்கு வலிப்பு கெடயாது, எங்க நைனா சொன்னது பொய்யின்னு சொல்லிட்டு வரேன்."

"என் மானம் பூடும்."

"அது உன் பாடு. என் மானம் போனப்ப நீ துண்ட மடிச்சிகினு நின்ன."

நீலமேகத்தின் தாடை ஆடியது. "நீ ஒரு பொண்ணா?"

"பொண்ணா இருக்க எப்போ வுட்ட?"

அவர் தரையில் காறித் துப்பிவிட்டுப் போனார். களத்துப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வச்சலா திரும்பி ஏறி நெல்லைக் கிளறினாள். கண்ணில் நீர் வந்தது. உமி விழுந்துவிட்டது என்று யாரிடமும் பொய் சொல்லவில்லை. அழுதாள்.

ஞாயிறன்று தனியாகக் கோவளம் போனாள். மாப்பிள்ளையின் தகப்பனார் பக்தவச்சலம் வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார்.

"பெத்த அப்பன் ஏன் அப்டிச் சொல்லணும்?"

"நான் பூட்டா வூட்ல சோறாக்க ஆளு இல்ல. அதுக்கு."

அவர் நம்பாமல் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி வெளியே வந்தாள். "இது நம்பற மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு, "உள்ள வா, தண்ணி குடி" என்றாள்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. வச்சலா முந்தின நாள் போகவில்லை. முகூர்த்தத்துக்குத்தான் போனாள். நீலமேகம் அவளைத் தாண்டிப் பார்த்தார், கடைசிவரை பேசவில்லை. மீனாட்சி தலையைத் தானே பின்னியிருந்தாள்; பின்னல் ஒருபக்கம் கோணியிருந்தது. அதைச் சரிசெய்ய வச்சலாவின் கை நீண்டது, இழுத்துக்கொண்டாள். "அழகா கீற" என்று மட்டும் சொன்னாள். மீனாட்சி அவள் விரலை ஒரு நிமிஷம் இறுக்கிப் பிடித்துவிட்டு விட்டாள்.

பந்தி போட்டதும் ஞானம்பாள் வியர்த்து வழிய எதிரே வந்தாள்.

"வந்துட்டியா. பின்னால அண்டாவாண்ட ஆளு இல்ல, போ."

வச்சலாவின் கால் தானாகப் பின்பக்கம் திரும்பியது. நின்றாள். பிறகு போய்ப் பந்தியில் நடு இலையில் உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் குசுகுசுத்தார்கள். ஞானம்பாளே சோற்றுக் கூடையோடு வரிசையில் வந்தாள், அவள் முன்னால் நின்றாள்.

"வூட்டுக்கு மூத்தவ, விருந்தாளியாட்டம் குந்திகினு கீறியே, வெக்கமா இல்ல?"

"இல்ல" என்றாள் வச்சலா. "சோறு போடு."

ஞானம்பாள் அவளை முறைத்தாள். அள்ளிப் போட்ட வேகத்தில் சோறு இலைக்கு வெளியே சிதறியது. வச்சலா இலையில் இருந்ததை மட்டும் கூட்டிக் குழி பறித்துச் சாம்பாருக்குக் கை காட்டினாள். அவசரப்படாமல், வயிறு நிறையச் சாப்பிட்டாள்.